ஏழாவதாக வந்த நாய்

மரவுரி உடுத்தி அஸ்தினாபுரத்தை விட்டுக் கிளம்பியவர்கள் ஐந்து சகோதரர்கள். ஆறாவதாகத் திரௌபதி. ஏழாவதாக ஒரு நாய். அதை யாரும் கூப்பிடவில்லை. கிழக்கே போய், தெற்கே இறங்கி, மேற்கில் கடல் கொண்ட துவாரகையைப் பார்த்துவிட்டு, வடக்கே இமயத்தில் ஏறும்வரை அது கூடவே வந்தது.

மகாபாரதத்தின் 18 பருவங்களில் 17ஆவதான மகாபிரஸ்தானிக பருவத்தில் மூன்றே அத்தியாயங்கள். அவ்வளவு சுருக்கமான பருவத்திலும் நாயைச் சொல்ல மறக்கவில்லை. வில்லிபுத்தூரார் தம் பாரதத்தைப் பத்துப் பருவங்களோடு நிறுத்திக்கொண்டதால், தமிழர்கள் பெரும்பாலும் கதாகாலட்சேபத்திலோ ராஜாஜியின் ‘வியாசர் விருந்து’ நூலிலோதான் இந்தக் கட்டத்தைச் சந்தித்திருப்பார்கள்.

மலைப்பாதையில் முதலில் திரௌபதி விழுகிறாள். பிறகு சகாதேவன், நகுலன், அர்ச்சுனன். ஒவ்வொருவர் விழும்போதும் பீமன் காரணம் கேட்கிறான். யுதிஷ்டிரன் ஒரு குறையைச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். கடைசியில் பீமனே விழுகிறான். விழுந்த இடத்திலிருந்து, தன்னைப் பார்க்கும்படி அண்ணனைக் கூப்பிட்டுக் காரணம் கேட்கிறான். அளவுக்கு மீறித் தின்றாய், பலத்தைப் பற்றிப் பெருமை பேசினாய் என்று பதில் வருகிறது. அண்ணன் நடந்துகொண்டே இருக்கிறான். பின்னால் நாய்.

அப்புறம் இந்திரன் தேரோடு வருகிறான். நாயை விட்டுவிட்டு ஏறச் சொல்கிறான். நாய் வளர்ப்பவர்களுக்குச் சொர்க்கத்தில் இடமில்லை என்கிறான். யுதிஷ்டிரன் மறுக்கிறான். தன்னையே நம்பி வந்த உயிரைக் கைவிடுவது பிரம்மஹத்திக்கு இணையான பாவம் என்பது அவன் வாதம். இந்திரன் விடவில்லை: மனைவியையும் தம்பிகளையும் விட்டு வந்தவனுக்கு நாயை விட மட்டும் என்ன தயக்கம்? இறந்தவர்களை எழுப்ப என்னால் முடியாது, உயிரோடு இருந்தபோது நான் யாரையும் விடவில்லை என்கிறான் தர்மபுத்திரன்.

இந்தப் பதில் முழுதாகத் திருப்தி தருவதில்லை. விழுந்து கிடந்த பீமன் கூப்பிட்டுக் கேட்டானே, அப்போது அவனுக்கு உயிர் இருந்ததல்லவா? உரைகாரர்கள் இதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனாலும் ஒரு வித்தியாசம் கண்ணில் படாமல் போகாது. மனிதர்கள் ஐவரிடமும் குறை கண்டவன் நாயிடம் எதையும் எடைபோடவில்லை. அது அவனைக் காப்பாற்றியதாகவோ வழிகாட்டியதாகவோ கதையில் ஒரு வரியும் இல்லை. கூட நடந்தது, அவ்வளவுதான். அது தர்மதேவதை என்பதும் பிறகுதான் தெரியவருகிறது. மறுத்த நேரத்தில் அவனுக்கு அது வெறும் நாய். உழைப்பால் வரும் உரிமை, ரத்தத்தால் வரும் உரிமை என்று எதுவுமே இல்லாத ஓர் உயிர், நம்பி வந்தது என்ற ஒன்றாலேயே உரிமை பெறுமா? பெறும் என்கிறது காவியம். அரசன் ஜனமேஜயனின் தம்பிகள் காரணமில்லாமல் ஒரு நாய்க்குட்டியை அடித்ததற்காகத் தாய் நாய் சரமை அவனைச் சபிக்கும் காட்சியை ஆதிபருவத்தின் தொடக்கத்திலேயே வைத்த காவியம் அது.

குளிர்காலத்தில் விடிவதற்கு முன் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவருக்கும் இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. இமயத்து ஆட்டிடையர்களின் போட்டியா நாய்க்கு அடர்ந்த ரோமம் உண்டு. சிறுத்தை கவ்வாதிருக்க முள் வைத்த இரும்புப் பட்டையும் கழுத்தில் கட்டுவார்கள். நாயின் பாதத்தில், உள்ளே வரும் சூடான ரத்தம் திரும்பிப் போகும் குளிர்ந்த ரத்தத்தைச் சூடாக்கும்படி ரத்தக்குழாய்கள் நெருங்கிப் பின்னிக் கிடப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் விளக்கினார்கள். பனியில் அந்தப் பாதம் எளிதில் உறையாததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் வறண்ட சமவெளியில் ஓடுவதற்கென்று வளர்க்கப்பட்ட ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் குட்டை ரோமமும் ஒட்டிய உடலும் கொண்டவை. ஊட்டியின் டிசம்பர் அவற்றுக்குக் கொடுமை. வயதான நாய்க்கோ, குளிரில் மூட்டு விறைத்துப் படி இறங்கவே நேரமாகும்.

அது வாய்விட்டுச் சொல்லாது. முன்னங்காலில் ஒன்றைத் தூக்கி மடக்கிக்கொண்டு நிற்கும். முதுகு வளைந்து, வால் உள்ளே ஒடுங்கும். கயிற்றை இழுத்தால் மறுபடி வரும். எவ்வளவு தூரம், எந்த வழி, எப்போது திரும்புவது என்பதெல்லாம் கயிறு பிடித்தவர் முடிவு. பாரம் அங்கேதான் இருக்கிறது. நம்பி வருவது மறுக்கத் தெரியாதது என்பதால், அதன் சார்பில் மறுக்க வேண்டியவரும் கூட்டி வந்தவரே ஆகிறார். துணி போர்த்துவதோ, தெருமுனையிலேயே திரும்புவதோ, வெயில் ஏறும்வரை காத்திருப்பதோ சின்ன விஷயங்கள்தான். யுதிஷ்டிரனின் வாதத்தை அன்றாடத்தில் கடைப்பிடிக்க இவற்றை விட்டால் வேறு இடமில்லை.

அந்த மலைப்பாதையில் பீமனுக்குக் கிடைக்காதது பின்னால் கிடைத்தது. அடுத்த பருவத்தில் யுதிஷ்டிரன் நரகத்தைப் பார்க்கப் போகிறான். நாற்றம் தாங்காமல் திரும்பும்போது, நீ நிற்பதால் எங்கள் வேதனை தணிகிறது, போகாதே என்று குரல்கள் கேட்கின்றன. யார் என்று விசாரிக்கிறான். கர்ணன், பீமன், அர்ச்சுனன், நகுலன், சகாதேவன், திரௌபதி என்று பெயர்கள் வருகின்றன. இந்த முறை அவன் ஒருவரிடமும் குறை சொல்லவில்லை. கூட வந்த தேவதூதனை இந்திரனிடம் திருப்பி அனுப்பிவிட்டு, தான் அங்கேயே இருந்துகொள்வதாகச் சொல்லியனுப்புகிறான்.