வேகமும் அஹிம்சையும்

பாதை அமைப்பதை நம் முன்னோர் வெறும் ராஜ்ய காரியமாகக் கருதாமல், குளம் வெட்டுவதற்கு ஒப்பான புண்ணிய கர்மமாகவே போற்றி வந்தார்கள். வழிநெடுக ஆலமரம் நட்டதையும் கிணறு தோண்டுவித்ததையும் அசோக சக்கரவர்த்தி தமது ஏழாம் தூண் சாசனத்தில் பொறித்து வைத்ததும், மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்ததும், கர்ப்பிணியாய் மாண்ட பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நாட்டும் வழக்கம் நம் கிராமங்களில் நிலவியதும், தாம் ஒருநாளும் காணப்போகாத வழிப்போக்கனிடத்திலும் தமக்குக் கடமை உண்டு என்ற நம்பிக்கையிலிருந்து பிறந்தவையே.

அந்த வழிப்போக்கன் இன்று மோட்டாரில் செல்கிறான். 1999-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, டில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய மாநகரங்களை 5,846 கிலோமீட்டர் நீளத்தில் இணைத்த தங்க நாற்கரச் சாலையும், அதனைத் தொடர்ந்து பெருகிய நெடுஞ்சாலைகளும், பிரயாணத்தின் சிரமத்தையும் காலத்தையும் வெகுவாகக் குறைத்திருக்கின்றன. ஆயினும், 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் தேசத்துச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அவர்களுள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர், மொத்தச் சாலை நீளத்தில் மிகச் சிறு பகுதியேயான தேசிய நெடுஞ்சாலைகளில் மாண்டவர்கள். அதிவேகமே தலையாய காரணம்.

கொல்லும் எண்ணம் எவருக்கும் இல்லாதபோது இந்த ஹிம்சைக்குப் பொறுப்பாளி யார்? விதியென்று சொல்லி அமைதி கொள்வது எளிது. ஆனால் சமண ஆசாரியரான உமாஸ்வாதி, தத்துவார்த்த சூத்திரத்தில், அஜாக்கிரதையின் வசப்பட்டு உயிர் போக்குதலையே ஹிம்சை என்று வரையறுத்தார். துவேஷம் இல்லை என்பதனால் மட்டும் ஒருவன் குற்றமற்றவன் ஆகிவிடுவதில்லை. வாகனம் ஏறாமல் கால்நடையாகவே செல்லும் சமணத் துறவிக்கு, சிற்றுயிர் மிதிபடாதவாறு முன்னுள்ள நிலத்தை நோக்கியே அடிவைக்க வேண்டும் என்ற ஈர்யா சமிதி விதிக்கப்பட்டிருக்கிறது. வெறுங்காலுக்கே இத்துணை ஜாக்கிரதை வேண்டுமென்றால், பல டன் பாரத்தை நள்ளிரவில் உருட்டிச் செல்பவனுக்கும், அவனை உறங்கவிடாமல் விரட்டுகிற சரக்கு முதலாளிக்கும், ஊரை இரண்டாகப் பிளந்து சாலை போட்டுவிட்டுக் குறுக்கே கடக்க வழி வையாத அதிகாரிக்கும் எவ்வளவு வேண்டும்!

அடிபட்டுக் கிடப்பவனுக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவரை வழக்குத் தொல்லையிலிருந்து காக்க, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் வகை செய்திருக்கிறது. சட்டம் அவருடைய அச்சத்தைத்தான் நீக்க முடியும். வண்டியை நிறுத்தி இறங்கும் மனத்தை அவரவரே பயின்று அடைய வேண்டும்.