இரண்டு அரசர்களின் விளையாட்டு

2003-ஆம் ஆண்டின் இறுதியில், பாம் நிறுவனத்தில் முன்னர்ப் பணியாற்றிய சிலர் கூடிக் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் நடத்திவந்த டாப்வேவ் என்னும் சிறு நிறுவனம், சோடியாக் என்று பெயரிட்ட ஒரு கையடக்கக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனைக் குறுக்காகப் பிடித்தால், இடக்கைக் கட்டைவிரலுக்கு ஒரு திசைக்குமிழும் வலக்கைக் கட்டைவிரலுக்கு நான்கு பொத்தான்களும், நடுவே 480-க்கு 320 புள்ளிகள் கொண்ட வண்ணத் திரையுமாக, முற்றிலும் விளையாட்டுக்கென்றே பிறந்த சாதனமாகத் தோன்றும். அதனையே நிமிர்த்திப் பிடித்துச் சிறு எழுதுகோலைக் கையில் எடுத்தால், நாட்குறிப்பும் முகவரிகளும் செய்யவேண்டிய காரியங்களின் பட்டியலும் அதே திரையில் வந்து நிற்கும். விலை 299 டாலர். நினைவகம் மிகுந்த மற்றொரு வகைக்கு 399 டாலர். வேலைக்கு ஒன்றும் விளையாட்டுக்கு ஒன்றுமாக இரண்டைச் சுமப்பானேன் என்னும் எளிய எண்ணமே அதன் உற்பத்திக்குக் காரணம். அவ்வெண்ணத்துக்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: மனிதனுடைய காலம் கடமைக்குரியது, விளையாட்டுக்குரியது என்ற இரண்டே பகுதிகளால் ஆனது, இரண்டையும் ஒரு கையில் சேர்த்துக் கொடுத்துவிட்டால் அவனுடைய நாள் பூரணமாகிவிடும் என்பதே அது. மூன்றாவதாக ஒரு பகுதி உண்டென்றும், மெய்யான விளையாட்டுக்கு அதுவே பிறப்பிடமென்றும் நான் நம்புவதால், இந்த அனுமானத்தைச் சற்று நின்று விசாரிக்க விரும்புகிறேன்.

கடமையும் விளையாட்டும் இயல்பிலேயே பகையானவை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது உண்மைக்குப் பொருந்தாது. சோடியாக்கின் முன்னோராகிய பைலட் என்னும் நாட்குறிப்புக் கருவி 1996-ல் வெளிவருவதற்கு முன், அதனை வகுத்த ஜெஃப் ஹாக்கின்ஸ், அதே அளவில் செதுக்கிய ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடமாடினார். யாரேனும் ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சந்திக்க இயலுமா என்று கேட்டால், அக்கட்டையை வெளியே எடுத்து, அதில் தேதியைப் பார்ப்பதுபோலவும் எழுதுவதுபோலவும் பாவனை செய்து, அந்த அளவு கைக்கும் பைக்கும் பொருந்துகிறதா என்று சோதித்தார். மணலைச் சோறென்று பரிமாறும் சிறுமியின் மனோபாவத்துக்கும் இதற்கும் சாராம்சத்தில் வேற்றுமை இல்லை. இலட்சக்கணக்கான உத்தியோகஸ்தர்களின் சந்திப்புகளைப் பின்னாளில் ஒழுங்குபடுத்திய ஒரு சாதனம், ஒரு வளர்ந்த மனிதர் கூச்சமின்றி விளையாடிய விளையாட்டில் கருக்கொண்டது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருவது.

அக்கருவியில் எழுதுவதற்கு கிராஃபிட்டி என்னும் தனி எழுத்துமுறையைக் கற்கவேண்டியிருந்தது. கற்பிப்பதற்கு ஜிராஃப் என்று ஓர் ஆட்டம் உடன் வந்தது. மேலிருந்து விழும் எழுத்துகளை அவை தரையைத் தொடுமுன் எழுதுகோலால் வரைந்து மறையச் செய்யவேண்டும். ஆடி முடிப்பவர் தம்மை அறியாமலே எழுதக் கற்றிருப்பார். கருவியின் அடிப்பகுதியில் நாட்குறிப்பு, முகவரி, காரியப் பட்டியல், குறிப்பேடு ஆகியவற்றைத் திறக்க நான்கு பொத்தான்கள் இருந்தன. ஆட்டம் ஒன்று தொடங்கிவிட்டாலோ, பல ஆட்டங்களில் அதே பொத்தான்களே இடமும் வலமும் நகர்த்தும் பிடிகளாயின. காலையில் கடமையைத் திறந்த விரல் மாலையில் அதே இடத்தை அழுத்தி ஆடியது. ஆகவே சோடியாக் புதிதாக ஒன்றைக் கலந்துவிடவில்லை. முன்பே கலந்திருந்ததை மறைக்காமல் வெளியே கொண்டுவந்தது என்பதே பொருந்தும்.

எனினும் காலத்தை அளவிடும் முறையில் இரண்டுக்கும் உள்ள பேதம் சாமானியமானதன்று. நாளை முகூர்த்தங்களாகப் பிரித்து, இன்ன வேளையில் இன்ன கிரியை என்று மணியடித்து வாழும் வாழ்வை ஐரோப்பாவில் நிலைநிறுத்தியவை மடாலயங்கள். 6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் முனிவர் வகுத்த நியமம், பிரார்த்தனைக்கும் உழைப்புக்கும் படிப்புக்கும் உரிய நேரங்களைத் தனித்தனியே விதித்து, சோம்பியிருத்தலை ஆன்மாவுக்குக் கேடென்று எச்சரித்தது. நாட்குறிப்புக் கருவியின் அலாரம் அம்மணியின் தூரத்து வாரிசு. ஆனால் மணி ஒலித்தபோது அழைத்தவர் இறைவன், அலாரம் ஒலிக்கும்போது அழைப்பது நாமே நேற்று எழுதிவைத்த ஒரு வரி. விளையாட்டின் காலமோ வேறு ஜாதி. டச்சு வரலாற்றாசிரியர் ஹுய்சிங்கா 1938-ல் வெளியிட்ட ‘ஹோமோ லூடென்ஸ்’ என்னும் நூலில், விளையாட்டு அன்றாட வாழ்விலிருந்து விலகித் தனக்கென இடமும் காலமும் வகுத்துக்கொண்டு, அவ்வெல்லைக்குள் தன் விதிகளாலேயே ஆளப்படுவது என்று விளக்குகிறார். ஆடுகளத்துக்கும் வழிபாட்டுக்கென ஒதுக்கிய இடத்துக்கும் அமைப்பளவில் வேற்றுமை இல்லை என்பது அவர் துணிபு. களத்துக்குள் நுழைந்தவனுக்கு வெளியிலுள்ள கடிகாரம் இல்லை. அப்படியிருக்க, கடிகாரத்தையே களமாக்கினால் என்ன நேரும்?

இதற்கு விடை தேடும்போது இரண்டு அரசர்கள் நம் எதிரே வந்து நிற்கிறார்கள். ஒருவரை நமக்குக் காட்டுபவர் பிரான்சு தேசத்துப் பாஸ்கல், மற்றவரைக் காட்டுபவர் சங்கரர்.

பாஸ்கலுக்கு இவ்விஷயத்தில் பேசும் உரிமை அதிகம். ரூவான் நகரில் வரி நிர்வாகத்தில் இருந்த தம் தந்தையின் ஓயாத கணக்குவேலையைக் குறைக்கவேண்டி, 1642-ல் தமது 19-ஆம் வயதில் பற்சக்கரங்களால் இயங்கும் கணக்குப்பொறி ஒன்றை உருவாக்கத் தொடங்கியவர் அவர். 1654-ல், பாதியில் நின்றுபோன சூதாட்டத்தில் பந்தயப் பணத்தை நியாயமாகப் பங்கிடுவது எங்ஙனம் என்று ஃபெர்மாவுடன் கடிதம் வழியே விவாதித்து, நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடிகோலியவரும் அவரே. வேலைக்கான பொறியையும் ஆட்டத்தின் கணக்கையும் ஒரே புத்தியால் ஆண்ட இந்த மனிதர், தாம் இறந்தபின் 1670-ல் வெளியான ‘பாஞ்சே’ என்னும் சிந்தனைத் தொகுப்பில், மனிதனுடைய துன்பங்களுக்கெல்லாம் மூலம் ஓர் அறையில் தனியே அமைதியாக இருக்க மாட்டாமையே என்னும் முடிவுக்கு வருகிறார். எல்லாச் செல்வமும் உடைய அரசனையே எடுத்துக்கொள்ளுங்கள், கேளிக்கைகளை அகற்றி அவனைத் தனியே விட்டால், தன் நிலையாமையும் மரணமும் நினைவுக்கு வந்து அவன் யாவரினும் பரிதாபத்துக்குரியவன் ஆகிவிடுவான். அதனாலேயே அவனை நினைக்க விடாமல் ஆட்டங்களால் சூழ்ந்து காப்பதற்குப் பலர் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள் என்பது அவர் வாதம். அவருடைய அரசன் ஆடுவது உள்ளே உள்ள ஓட்டையைப் பாராதிருப்பதற்காக.

பிரம்மசூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் ஓர் ஆக்ஷேபம் எழுகிறது: பிரயோஜனம் இன்றி எவரும் ஒரு காரியத்தில் பிரவேசிப்பதில்லை; பிரம்மமோ நித்திய திருப்தம்; ஆகவே அது உலகைச் சிருஷ்டித்தது என்பது எவ்வாறு பொருந்தும்? சூத்திரகாரர் கூறும் சமாதானம், அது லீலை என்பது. இதனை விளக்க வந்த சங்கரர், விரும்பியதெல்லாம் கைகூடிய ஓர் அரசன் வேறு பயன் எதனையும் கருதாமல் விளையாட்டில் ஈடுபடுவதைத் திருஷ்டாந்தமாகக் காட்டி, மூச்சு உள்ளே செல்வதும் வெளியே வருவதும் இயல்பாகவே நிகழ்வதையும் அதனோடு சேர்க்கிறார். பல இடங்களில் அவரோடு மாறுபடும் இராமானுஜரும் இங்கே ஓர் அரசனையே அழைக்கிறார்: ஏழு தீவுகளையும் ஆளும் சக்கரவர்த்தி ஒருவன் பந்தாடுகிறான், அதற்கு ஆட்டத்தைத் தவிர வேறு நோக்கம் இல்லை. இந்த அரசன் ஆடுவது நிறைவு ததும்புவதால்.

வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டு அரசர்களும் ஒன்றே. பந்து ஒன்று, கையசைவு ஒன்று, முகத்தில் தெரியும் ஈடுபாடும் ஒன்று. ஒரே ஆட்டம் ஒருவனுக்குத் தன்னிடமிருந்து தப்பியோடும் வழியாகவும் மற்றொருவனுக்குத் தன் ஆனந்தத்தின் வெளிப்பாடாகவும் இருக்கக்கூடும் என்றால், விளையாட்டை நன்றென்றோ தீதென்றோ பொதுவில் வகுத்துப் பேசும் உபதேசங்கள் எல்லாம் பயனற்றவை ஆகின்றன. மனிதர்களாகிய நாம் நித்திய திருப்தர்கள் அல்லர், ஆதலால் நம் விளையாட்டு எப்போதும் பாஸ்கலுடைய அரசனின் விளையாட்டே என்று ஒருவர் வாதிக்கலாம். நான் அதனை ஏற்கமாட்டேன். குறைகள் எல்லாம் தீர்ந்த பின்னரே நிறைவு வரும் என்பதில்லை. ஒன்றும் செய்யாமல், ஒன்றையும் நாடாமல் இருக்கும் சில கணங்களில், தீராத குறைகளுக்கு நடுவிலேயே அது மனத்தில் ஊறுகிறது. தாயுமானவர் தவித்துத் தவித்து வேண்டிய சும்மா இருத்தல் என்னும் நிலையின் மிகச் சிறிய, லௌகிகமான சாயல் அது. அதிலிருந்து எழுந்து ஆடுபவன் இரண்டாம் அரசனின் உறவினன்.

மதுரைச் சொக்கர் 64 திருவிளையாடல்களுள் ஒன்றில் கூலியாளாகவே வந்தார். வைகை உடைத்துக்கொண்டபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரையை அடைக்கவேண்டும் என்பது பாண்டியன் ஆணை; பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக்கு ஆள் இல்லை; உதிர்ந்த பிட்டே கூலி என்று பேசிக்கொண்டு இறைவன் கூடையும் மண்வெட்டியுமாக அவள் பங்குக்குப் போனார். போனவர் மண்ணைச் சுமந்தார், கொட்டினார், ஆடினார், பாடினார், பிட்டைத் தின்றார், படுத்து உறங்கினார். அளந்து கொடுத்த பங்கு மட்டும் அடைபடாமல் கிடந்ததைக் கண்காணிகள் அரசனிடம் தெரிவிக்க, அவன் வந்து பிரம்பால் அடித்தான். அடி எல்லா உயிர்கள் மேலும் விழுந்தது, அரசன் முதுகிலும் விழுந்தது. இக்கதையில் என் நெஞ்சைப் பிடித்துக்கொள்வது அந்தக் கூலியாளின் உறக்கம். வேலையும் ஆட்டமும் மாறிமாறி நடந்ததோடு புராணம் நின்றிருக்கலாம். அவரைப் படுக்கவும் வைத்தது. இறைவனுடைய நாளிலும் வேலையும் விளையாட்டும் அல்லாத ஒரு பகுதி இருந்தது என்பதையும், கண்காணிகளின் கணக்கில் அதற்கு ஏடே இல்லை என்பதையும் அது நமக்குக் காட்டுகிறது.

இப்போது கருவிக்கு வருவோம். 1980-ல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட கேம் அண்ட் வாட்ச் என்னும் சிறு ஆட்டக் கருவி, ஆடாத வேளையில் கடிகாரமாக மணி காட்டியது. அதன் முதல் ஆட்டம், இராமானுஜருடைய சக்கரவர்த்தி ஆடியதைப் போலவே, பந்துகளை மேலெறிந்து பிடிப்பது. அதனை வகுத்த குன்பெய் யோக்கோய், ஷின்கான்சென் ரயிலில் ஒரு பிரயாணி பொழுது போகாமல் கணக்குப்பொறியின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டே அவ்வெண்ணம் கொண்டார் என்று சொல்வதுண்டு. அந்தப் பிரயாணியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் அப்போது வேலை செய்யவுமில்லை, விளையாடவுமில்லை. இரண்டுக்கும் இடையே, தமக்கே தெரியாத ஓர் அவகாசத்தில் இருந்தார். அந்த அவகாசம் இன்னும் சற்று நீண்டிருந்தால் சலிப்பாக மாறியிருக்கலாம், சலிப்பு தாண்டினால் சிந்தனையாகவோ ஜபமாகவோ ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்க்கும் வெறும் பார்வையாகவோ மாறியிருக்கலாம். யோக்கோயின் கருணை அதை ஒரு குறையென்று கண்டது. குறையை நிரப்பும் பொருளைச் செய்தது.

சோடியாக் இதே பணியை மறுமுனையிலிருந்து நிறைவேற்றியது. நாட்குறிப்பு நேரத்தைத் துண்டுகளாக வகுத்தது. துண்டுகளுக்கு இடையே சிதறிக் கிடந்த ஐந்து நிமிஷங்களையும் பத்து நிமிஷங்களையும் ஆட்டம் எடுத்துக்கொண்டது. அடுத்த சந்திப்புக்கு இவ்வளவு அவகாசம் உண்டு என்று சொல்லும் அதே திரை, அந்த அவகாசத்தைத் தீர்த்துவிடும் உபாயத்தையும் நீட்டுகிறது. கடமையும் விளையாட்டும் சேர்ந்தது தவறு என்று நான் கருதவில்லை. சேர்ந்தபோது இடையில் சந்து இல்லாமல் சேர்ந்தன என்பதே என் வருத்தம். சந்து அடைபட்ட பின், ஆட்டத்துக்குள் நுழைய ஒரு வாயிற்படியும் இல்லை, அதிலிருந்து வெளியேற ஒரு வாயிற்படியும் இல்லை. நிறைவு ஊறுவதற்கு வேண்டிய வெற்றிடம் இல்லாதபோது, கையில் எஞ்சுவது பாஸ்கலுடைய அரசனின் ஆட்டம் மட்டுமே.

டாப்வேவ் நிறுவனம் நெடுநாள் நிற்கவில்லை. சோனியின் பிஎஸ்பி 2004-ன் இறுதியில் ஜப்பானிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் வெளிவந்தது. 2005-லேயே சோடியாக்கின் உற்பத்தி நின்றது. ஆயினும் அதன் அனுமானம் தோற்கவில்லை. கைப்பேசியாக உருமாறி, கோயில் வரிசையில் நிற்பவர் கையிலும் ஆஸ்பத்திரி வாயிலில் காத்திருப்பவர் கையிலும் இன்று அதுவே இருக்கிறது.

இந்நிலையில் யூதர்களின் சப்பாத்து என்னும் ஓய்வுநாள் நியமம் எனக்குப் பெரிதும் ஆராயத்தக்கதாகத் தோன்றுகிறது. வெள்ளிக்கிழமை சூரியாஸ்தமனம் தொடங்கிச் சனிக்கிழமை இரவு வரை விலக்கப்பட்ட 39 வகைச் செயல்களுள் எழுதுதலும் ஒன்று. ஆகவே நாட்குறிப்பு அந்நாளில் தானே மூடிக்கொள்கிறது. வைதிக நெறியில் நிற்பவர்கள் மின்சாரக் கருவி எதனையும் இயக்குவதில்லை. ஆகவே ஆட்டமும் நிற்கிறது. கடமைக்கும் கேளிக்கைக்கும் தனித்தனிக் கருவிகள் இருந்த காலத்தில் ஒருவர் வேலைக்கருவியை வைத்துவிட்டு ஆட்டக்கருவியை எடுத்து, அதனையே ஓய்வென்று எண்ணி ஏமாந்திருக்கக்கூடும். இரண்டும் ஒரே பொருளாகிவிட்டபின், அதைக் கீழே வைப்பவர் இரண்டையும் ஒருங்கே வைத்துவிடுகிறார்; எது வேலை, எது விளையாட்டு என்று அந்த இருபத்தைந்து மணி நேரம் அவர் பிரித்து ஆராய வேண்டியதில்லை.