துவராடையும் குழந்தையும்

உபாசக உபாசிகைகளே!

சென்ற வைசாகப் பௌர்ணமியன்று முற்பகலில் நமது இல்லத்திற்குப் பிக்கு ஒருவர் தானம் ஏற்க எழுந்தருளினார். நமது மகளின் புதல்வன், ஐந்து வயதுச் சிறுவன், அவரைக் கண்டதும் அலறிக் கதவின் பின்னே ஒளிந்தான். மழித்த தலையையும் செந்நிறச் சீவரத்தையும் அவன் அதற்குமுன் அருகில் கண்டதில்லை. "தாத்தா, என்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்!" என்று அழுதான்.

நாம் தலைகுனிந்தோம். அச்சொல் நம்முடையதன்றோ! அவன் சோறுண்ண மறுத்தபோதெல்லாம், "காவி கட்டிய ஆண்டி பிடித்துப் போவான்" என்று அச்சுறுத்தியவர் நாமே. காலையில் சங்கத்தைச் சரணமடையும் வாய், மாலையில் சங்கத்தின் ஆடையைப் பூச்சாண்டியாக்கியது. பொய்யுரையாமை என்னும் நான்காம் சீலம் குழந்தைகளிடத்தில் மட்டும் தளர்ந்துவிடுமோ?

பிக்குவோ அவனை அழைக்கவில்லை. பாயில் அமர்ந்து, பார்வையைத் தாழ்த்தி, அமைதியாயிருந்தார். சிறுவனை இழுத்துவந்து வணங்கச் செய்ய முயன்ற நம்மையும் கையமர்த்தினார். அச்சத்தால் செய்யும் வணக்கம் வணக்கமன்று என்பதை அன்று கற்றோம்.

அவர் சென்றபின் சிறுவனே கேட்கத் தொடங்கினான்.

"அவருக்குச் சட்டை இல்லையா, தாத்தா?"

"மூன்றே துணிகள், கண்ணே. இடையில் உடுப்பது அந்தரவாசகம். மேலே போர்ப்பது உத்தராசங்கம். குளிருக்கு இரட்டையாய்த் தைத்தது சங்காடி. உனக்கு எத்தனைச் சட்டைகள்?"

விரல்விட்டு எண்ணினான், விரல்கள் போதவில்லை.

"ஏன் அந்த நிறம்?"

"சளி பிடித்தபோது பாட்டி கஷாயம் காய்ச்சித் தந்தாள் அல்லவா? அவ்வாறே வேரையும் பட்டையையும் காய்ச்சிய சாற்றில் துணியைத் தோய்ப்பது பண்டைய வழக்கம். அதனால் அது காஷாயம். துவர்ப்புச் சாயம் ஏறியதால் தமிழில் துவராடை."

"ஏன் ஒட்டுப் போட்டிருக்கிறது?"

இவ்வினாவுக்கு விடையளிக்க நமக்குத் தகுதி சிறிது உண்டு. நாம் இளமைமுதல் பஞ்சாலையில் தறியருகே நின்றவர். முழுத்துணிக்குள்ள விலை வெட்டுத்துண்டிற்கு இல்லை என்பதை அறிவோம். மகத நாட்டில் வரப்பிட்ட வயல்களைக் கண்ட பகவான், அவ்வாறே சீவரத்தை அமைக்க இயலுமா என ஆனந்தரை வினவினார்; ஆனந்தரும் துண்டுகளை இணைத்து அமைத்தார். வெட்டித் தைத்த துணியைக் கவர எவரும் விரும்பார். உதயண மன்னன் கேட்டபோது, பழஞ்சீவரம் விரிப்பாகி, கால்துடைக்கும் துணியாகி, இறுதியில் மண்ணோடு குழைத்துத் தரை பூசவும் பயன்படும் என்று ஆனந்தர் விளக்கினார். இதைக் கேட்டுச் சிறுவன் நகைத்தான்.

பின்னர் மெல்லக் கேட்டான்: "பிடித்துக்கொண்டு போகமாட்டாரா?"

இதற்கு இராகுலன் கதையைக் கூறினோம். கபிலவஸ்துவில் ஏழு வயதுச் சிறுவன் இராகுலன், துவராடையில் வந்த தந்தையைக் கண்டான், அவர் நிழலே இனிதெனப் பின்தொடர்ந்தான், சங்கத்திலும் சேர்க்கப்பட்டான். பாட்டனார் சுத்தோதனர் மனம் வருந்தி முறையிட்டார். அன்றே பகவான், பெற்றோர் இசைவின்றி எந்தப் பிள்ளையையும் சங்கத்தில் சேர்க்கலாகாது என விதித்தார். ஆகவே நாம் சொன்ன அச்சுறுத்தலை விநயமே மறுக்கிறது. "தாத்தா சொன்னது பொய்" என்று அவனிடம் ஒப்புக்கொண்டோம்.

அன்பர்களே! முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கலாகாது, தோளில் துண்டு தரிக்கலாகாது என்று நம் முன்னோரைத் தடுத்த காலம் உண்டு. ஆடையைக் கொண்டு மனிதனை அளந்த கொடுமையை அனுபவித்த மரபினர் நாம். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் வெண்ணிற ஆடையில் தீட்சை பெற்றார். திரண்டிருந்த இலட்சக்கணக்கானோரும் வெள்ளாடை தரித்திருந்தனர். பௌர்ணமியில் நம் பிள்ளைகள் உடுக்கும் வெள்ளாடையைக் கண்டு அயலார் பிள்ளைகளும் வியக்கக்கூடும். அவர்கள் நகையாமல் வினவ வேண்டும் என விரும்பும் நாம், நம் பிள்ளைகளுக்கும் அதையே கற்பிக்க வேண்டாமா? பைலகுப்பைத் திபெத்தியப் பிக்குவின் கருஞ்சிவப்பு ஆடையாயினும், கன்னிமாடத்துச் சகோதரியின் முக்காடாயினும், இஸ்லாமியத் தாயின் புர்க்காவாயினும், "உள்ளே இருப்பவர் நம்மைப்போல் பசியும் அன்பும் உடைய மனிதர்" என்பதே முதற்பாடமாகுக.

இரண்டாம் பாடமும் உண்டு. ஆடை மட்டுமே ஒருவரைத் தூயவராக்காது. மனமாசு நீங்காதவன் காஷாயத்திற்கு உரியவனல்லன் என்று தம்மபதம் உணர்த்துகிறது. ஆதலின், ஆடையைக் கண்டு அஞ்சவும் வேண்டா. ஆடையைக் கண்டே நம்பிவிடவும் வேண்டா. ஒழுக்கத்தைக் காணக் குழந்தையைப் பழக்குங்கள்.

அடுத்த பௌர்ணமியில் பிக்கு மீண்டும் எழுந்தருளினார். சிறுவன் ஒளியவில்லை. பாதித் தூரம் வந்து நின்று கைகூப்பினான். எஞ்சிய தூரத்திற்கு நாம் அவனை வற்புறுத்தவில்லை.

சர்வ ஜீவர்களும் அச்சமின்றிச் சுகமாய் வாழ்க!

நமோ புத்தாய.