மாக்கோழியும் மாயச் சக்கரமும்



விளையாட்டில் செய்யும் கொலை கொலையாகுமா? இவ்வினாவை நம்மிடம் எழுப்பியவர் பண்டிதர் எவரும் அல்லர். 13 வயது நிரம்பிய நம் மகள் வயிற்றுப் பேரன். அதற்கு நாம் அளித்த முதல் விடை பிழையானது. அப்பிழையையும், பின்னர் நாம் தெளிந்ததையும் இங்கு எழுதுவது, நம் இல்லங்களில் இத்தகைய வினாக்கள் இனியும் எழும் என்பதனாலேயே.

சென்ற கோடை விடுமுறையில் பெங்களூரிலிருந்து வந்த அவன், தடித்த நூலொன்றையும், ஒரு சிறு பை நிறையப் பகடைகளையும் கொண்டுவந்தான். ஒரு பகடைக்கு 20 முகங்கள்! பகடையைக் கண்டதும் நம் முகம் சுருங்கிற்று. ஏழு வியசனங்களுள் சூது முதலாவதாக எண்ணப்படுவதை அறியாதார் நம்மில் யார்? ஆனால் அதில் பணயம் ஏதுமில்லை என்று அவன் விளக்கினான். 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் உருவாக்க, 1974-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் தம்மை வீரனாகவோ மந்திரவாதியாகவோ கற்பித்துக்கொண்டு, வாய்ச்சொல்லாலேயே கதைக்குள் நடமாடுவர். எடுத்த செயல் கைகூடுமா என்பதைப் பகடை தீர்க்கும். வழியில் மாய வாள், மாயக் கேடயம், மாய மோதிரம் எனப் பல பொருள்கள் கிட்டும். இவ்விளையாட்டுக்கென 1980-இல் வெளியான ஒரு நூலிலேயே, கிரேக்கர், எகிப்தியர் முதலியோரின் புராணங்களோடு இந்தியப் புராணங்களுக்கும் இடம் தரப்பட்டிருக்கிறது.

அவனுடைய தோழர் குழுவில் அடுத்த முறை கதையை நடத்தும் பொறுப்பு அவனுடையது. "பிரம்மாஸ்திரம் எல்லாருக்கும் தெரியும், பாட்டி. நம்முடைய ஜைனக் கதைகளில் மாயப் பொருள்கள் உண்டா? நான் அவற்றைச் சேர்க்க வேண்டும்" என்றான். சற்றுத் தயங்கி, "ஆனால் இந்த விளையாட்டில் அரக்கர்களைக் கொல்கிறோமே, அது இம்சையாகுமா?" என்றும் கேட்டான்.

நாம் உடனே யசோதர காவியத்தின் கதையைக் கூறினோம். தீக்கனவின் பயன் நீங்க உயிர்ப்பலி இடுமாறு தாய் சந்திரமதி சொல்ல, யசோதர மன்னன் உயிரைக் கொல்ல மறுக்கிறான். பின் அவள் வற்புறுத்தலுக்கு இணங்கி, மாவினால் செய்த கோழியொன்றைத் தேவியின் முன் வெட்டுகிறான். அம்மாக்கோழிக்கு உயிரில்லை, ஆயினும் கொல்லும் எண்ணம் இருந்தமையால் தாயும் மகனும் மயிலும் நாயுமாகப் பிறந்து, விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றனர். இதனைச் சொல்லி, "பார்த்தாயா?" என்று முடித்தோம்.

பேரன் ஒன்றும் பேசாமல் பகடைகளைப் பையில் இட்டுக் கட்டினான். மறுநாள் பொழுது சாயுமுன் உண்டு முடித்துத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, "பாட்டி, நான் விளையாட்டில் எத்தனையோ பேரைக் கொன்றுவிட்டேன். நான் எத்தனை முறை நாயாகப் பிறக்க வேண்டும்?" என்றான். அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. முந்தைய இரவு அவன் உறங்கவில்லை என்பதை அவன் கண்களே கூறின.

கேள்விக்கு விடை கூறுமுன் கேட்கும் மாணவனின் உள்ளத்தை அறிந்துகொள் என்பது, ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற் பாடம். 36 ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற நாம் அதனை மறந்துபோனோம். அறக்கதையைக் கொண்டே ஒரு குழந்தையை அச்சுறுத்தினோம். இது நமக்குப் பெரிதும் வருத்தத்தைத் தந்தது. விடை கூறும் கடமையும் அப்படியே நின்றது. ஆகவே நூல்களை மீண்டும் எடுத்தோம்.

இம்சை இருவகைப்படும். புறத்தே உயிர் நீங்குவது திரவிய இம்சை. அகத்தே விருப்பு வெறுப்பு முதலிய கசாயங்கள் எழுவது பாவ இம்சை. கசாயம் எழுமாயின், எதிரில் ஓருயிரும் மடியாவிடினும் இம்சை நிகழ்ந்ததே என்பதும், விழிப்போடு நடப்பவரின் அடிக்கீழ்த் தற்செயலாய் ஓருயிர் நீங்கினும் அவருக்கு இம்சையின் பாவம் இல்லை என்பதும் அமிர்தசந்திராசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் காட்டும் நெறி. இந்நெறியை வைத்தே பேரனையும் யசோதரனையும் ஒப்பிட்டுப் பார்த்தோம்.

யசோதரன் மாற்றியது பொருளை மட்டுமே, எண்ணத்தை அன்று. பலியினால் வரும் பயனை அவன் விரும்பினான்; மாக்கோழியைத் தேவி மெய்யான பலியாகவே ஏற்க வேண்டும் என்று கருதினான். உயிரைக் கொல்வதால் தன் தீங்கு நீங்கும் என்னும் நம்பிக்கை அவன் கையிலிருந்த வாளில் இருந்தது. பேரனும் அவன் தோழரும் கதை என்று அறிந்தே கதை பேசுகின்றனர். எவருடைய துன்பமும் அவர்களுக்கு வேண்டியதில்லை. அதனால் பெறும் பயனும் இல்லை. அரக்கன் வீழ்ந்த பின்னர் அவ்வரக்கனுக்காகப் பேசிய சிறுவனும் மற்றவர்களும் ஒரே தட்டில் மாம்பழம் உண்கின்றனர். இவ்விரண்டையும் ஒன்றெனக் கூறியது நம் அவசரம்.

ஆயினும் அச்சத்திற்கு இடமே இல்லை என்றும் கூறுவதற்கில்லை. ரௌத்திர தியானம் நால்வகை என்பர்: கொல்வதில் மகிழ்தல், பொய்யில் மகிழ்தல், களவில் மகிழ்தல், சேர்த்த பொருளைக் காப்பதில் மகிழ்தல். கொன்று, கொள்ளையிட்டு, பொருள் குவிப்பதையே நாள்தோறும் கற்பனை செய்யும் உள்ளம் இவற்றுள் எதனையும் பழகிக்கொள்ளக்கூடும். ஆகவே கேட்க வேண்டிய வினா, "அரக்கன் இறந்தானா?" என்பது அன்று; "அவன் துடித்தபோது உன் உள்ளம் மகிழ்ந்ததா?" என்பதே. இதற்கு விடை ஆடுபவனுக்கு மட்டுமே தெரியும்.

இன்னொரு தடையும் நமக்கு இருந்தது. இல்லறத்தார்க்குரிய அனர்த்த தண்ட விரதம், பயனின்றித் தீமை விளைக்கும் செயல்களை விலக்கச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று இம்சாதானம். அதாவது வாள், வில், நஞ்சு முதலிய கொலைக் கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தல். மற்றொன்று துச்சுருதி, தீய எண்ணத்தை வளர்க்கும் கதைகளைக் கேட்டல். பேரன் கேட்பது கற்பனை ஆயுதமே எனினும், அதனை எடுத்துக் கொடுப்பது முறையா?

ஆனால் நம் புராணங்களிலேயே ஆயுதங்கள் நிறைந்துள்ளனவே! அவற்றை இயற்றியோர் பலரும் மயிற்பீலி ஏந்திய துறவியர். வாளையும் சக்கரத்தையும் அவர்கள் ஏன் பாடினர்? சிந்திக்கும்போது ஒன்று புலனாயிற்று. அவர்கள் ஆயுதத்தை ஒருபோதும் தனியே கொடுப்பதில்லை. அதன் விளைவோடு சேர்த்தே கொடுக்கின்றனர்.

பரத சக்கரவர்த்தியின் 14 ரத்தினங்களை எடுத்துக்கொள்வோம். ஆயுதசாலையில் தோன்றிய சக்கர ரத்தினத்தின் பின்னே சென்று அவன் ஆறு கண்டங்களையும் வென்றான். திரும்பி வந்தபோது அச்சக்கரம் அயோத்தியின் வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டது. உடன்பிறந்தோர் இன்னும் பணியவில்லை. கண், நீர், மல் என்னும் மூவகைப் போரிலும் தம்பி பாகுபலி வென்றான். சினம் மிக்க பரதன் சக்கரத்தை ஏவினான். அதுவோ பாகுபலியை வலம்வந்து, ஊறு செய்யாமல் நின்றது. உறவைப் பரதன் மறந்தான், சக்கரம் மறக்கவில்லை. பாகுபலியோ வென்ற உலகை வேண்டாமென்று தவத்திற்குச் சென்றான். சிரவணபெளகொளவில் கொடி படர நிற்கும் 57 அடி உயரத் திருவுருவம் அத்தவத்தையே காட்டுகிறது.

காகிணி ரத்தினம் கல்லிலும் எழுதவல்லது. விருஷபாசல மலையில் தன் பெயரைப் பொறிக்கச் சென்ற பரதன், முன்னிருந்த சக்கரவர்த்தியரின் பெயர்களால் மலை நிறைந்திருக்கக் கண்டான். ஒரு பெயரை அழித்தே தன் பெயரை எழுத முடிந்தது. தன் பெயரும் ஒருநாள் அழியும் என்பதை அவன் கை அப்போது கற்றது.

இராவணன் ஏவிய சக்கரம், ரவிசேணாசாரியரின் பத்ம புராணத்தின்படி, இலக்குவனை வலம்வந்து அவன் கையிலேயே அமர்ந்தது; அதனாலேயே இராவணன் மாண்டான். கொன்ற இலக்குவனும் நரகம் புகுந்தான். வீடுபேறு எய்தியவன் இராமன். மகாபாரதத்திலும் இவ்வுண்மை இல்லாமல் இல்லை. அஸ்திரத்தை ஏவத் தெரிந்த அசுவத்தாமனுக்கு அதனை மீட்கத் தெரியவில்லை. கவசகுண்டலங்களைக் கொடுத்துக் கர்ணன் பெற்ற சக்தி ஒருமுறைக்கு மேல் உதவவில்லை.

விளைவை வெட்டி எறிந்துவிட்டு ஆயுதத்தை மட்டும் கொடுத்தால் அது இம்சாதானம். விளைவோடு கொடுத்தால் அது தர்மகதை. இவ்வாறு தெளிந்தபோதுதான் நம் பிழையின் முழு அளவும் தெரிந்தது. யசோதரன் கதையை நாமும் பாதியில் வெட்டியிருந்தோம்! அக்கதை விலங்குப் பிறவிகளோடு முடிவதில்லை. அவ்விருவரும் அபயருசி, அபயமதி என்னும் உடன்பிறப்புகளாகப் பிறந்து, இளமையிலேயே நோன்பு பூண்டு, மாரிதத்த மன்னனின் பலிக்களத்திற்குக் கொண்டுவரப்பட்டபோது, தம் கதையைத் தாமே அவனுக்கு உரைக்கின்றனர். அதனைக் கேட்ட மன்னன் பலியையே கைவிடுகிறான். பேரனை அழைத்து இம்முடிவைச் சொன்னோம். அவனை வருத்தியது நம் தவறு என்றும் சொன்னோம். "இதை நீங்கள் முதலிலேயே சொல்லியிருக்கலாமே, பாட்டி" என்றான்.

பின்னர் இருவரும் ஒரு குறிப்பேட்டில் மாயப் பொருள்களை எழுதத் தொடங்கினோம். சக்கர ரத்தினம்: உறவினர் மீது பாயாது. காகிணி: எழுதுபவன் முதலில் இன்னொருவர் பெயரை அழித்தாக வேண்டும். தோலும் குடையும்: ஏழு நாள் பெருமழையில் பரதனின் சேனையைக் கீழும் மேலுமாய்க் காத்த இவ்விரு ரத்தினங்களும் காக்க மட்டுமே வல்லவை, தாக்க இயலாதவை. சீவக சிந்தாமணியின் மயிற்பொறி: கருவுற்ற விசயையைக் காப்பாற்றியது, அதனில் அவளை ஏற்றி அனுப்பிய சச்சந்தன் பின்தங்கி உயிர் துறந்தான். சுதஞ்சணனின் மூன்று மந்திரங்கள்: இவற்றை வென்றோ விலைகொடுத்தோ பெற இயலாது. அடிபட்டு இறக்கும் தறுவாயிலிருந்த நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்காரம் ஓதினான். அந்நாயே இயக்கனாகி அவனுக்கு அம்மந்திரங்களை அளித்தது. ஆகவே பயன் கருதாமல் ஓர் எளிய உயிருக்கு இரங்கியவனுக்கே அவை கிட்டும்.

அப்போது பேரன் ஒரு செய்தி சொன்னான். 2014-இல் வெளியான ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, தன்னோடு பிணைத்துக்கொண்டால்தான் பயன்படும் ஆற்றல்மிக்க மாயப் பொருள்களுள் ஒருவன் ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் பிணைத்துக்கொள்ளலாகாதாம். நாம் வியந்தோம். பொருளுக்கு வரையறை வகுக்கும் பரிக்கிரக பரிமாண விரதத்தை நம் ஆசாரியர்கள் இல்லறத்தார்க்கு வகுத்தனர். அளவில்லாத பொருள் விளையாட்டையும் கெடுக்கும் என்று எங்கோ இருப்போரும் கண்டிருக்கின்றனர்!

பேரன் ஊர் திரும்பிய சில வாரங்களுக்குப் பின் தொலைபேசியில் அழைத்தான். விளையாட்டில் கிடைத்த புதையலுக்காக இரண்டு வீரர்கள் பூசலிட்டு, ஒருவன் மற்றவன் மீது சக்கரத்தை ஏவினானாம். சக்கரம் வலம்வந்து நின்றுவிட்டது என்று கதை நடத்துநனாகிய இவன் தீர்ப்பளித்தான். "நாங்கள் அண்ணன் தம்பி இல்லையே" என்று அவர்கள் வாதிட்டனராம். "சக்கரம் யாரை உறவு என்று கொள்ளும், பாட்டி?" என்று கேட்டான்.

இம்முறை நாம் விடையை அவசரமாகக் கூறவில்லை. "அந்த மயிலைக் கொன்றது யார் என்று நினைவிருக்கிறதா?" என்று மட்டும் கேட்டோம். நாயாகப் பிறந்த தாய், மயிலாகப் பிறந்த தன் மகனை அறியாமலே கவ்விக் கொன்றாள் என்பது அவனுக்கு நினைவிருந்தது. நெடுநேரம் மறுமுனையில் பேச்சில்லை.

"அப்படியென்றால் எல்லாருமே உறவினர்தானே? அந்தச் சக்கரம் யார் மீதும் பாயாதே!"

"உறவென்று அறியாதவன் கையில் பாயும், இராவணனின் சக்கரம் பாய்ந்தது. அறிந்தவன் அதை ஏவவே மாட்டான்."

"பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?"

"நீயே உன் தோழர்களைக் கேள்" என்றோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்கிறேன் என்றான்.

தாய்மார்களே, பாட்டிமார்களே! நம் பிள்ளைகள் ஆடும் ஆட்டங்கள் நமக்குப் புதியவை. அவற்றுள் எழும் வினாக்கள் பழையவை. பகடையைக் கண்டதும் பறிக்கவும் வேண்டா. பயமுறுத்தும் பாதிக்கதையைச் சொல்லவும் வேண்டா. அருகில் அமர்ந்து, முழுக்கதையையும் சொல்வோம். மாக்கோழியை வெட்டிய கையும், பலியை நிறுத்திய சொல்லும் ஒருவனுடையனவே என்பதை அவர்கள் அறியட்டும்.