மின்கலத்தின் இரைச்சல்

சீடன்: ஐயா, நுட்பமான அளவைக் கருவிக்கு பேட்டரியே உகந்தது, அதில் இரைச்சல் இல்லை என்கிறார்கள். உண்மைதானா?

குரு: இல்லை என்பவன் அளந்து பார்க்காதவன். மின்தடை இருந்தால் இரைச்சலும் இருக்கும். பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அதை அளந்தார். வெப்பமே அதன் காரணம் என்று நைக்விஸ்ட் சொன்னார். 1928-ல் இருவரும் எழுதினார்கள். மின்கலத்தை ஏரி என்று கொள். கலத்துக்குள் இருக்கும் மின்தடையான அகத்தடைதான் மதகு, சலசலப்பெல்லாம் அங்கேதான். 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரிக்கு அகத்தடை 2 ஓம் என்றால், 1 லட்சம் ஹெர்ட்ஸ் அதிர்வெண் அகலத்தில் வெப்ப இரைச்சல் 0.06 மைக்ரோவோல்ட். மின்னழுத்தத்தைச் சீராக்கும் 78எல்05 ரெகுலேட்டர் அதே அகலத்தில் 40 மைக்ரோவோல்ட் தரும்.





சீடன்: மின்னூட்டம் துகள் துகளாகத்தானே மின்முனையைக் கடக்கிறது? அந்தத் தாவல் இரைச்சலைக் கணக்கில் சேர்க்கவில்லையே?

குரு: நல்ல கேள்வி, என்னையும் நெடுநாள் அலைக்கழித்தது. சுமை இல்லாத கலத்திலும் மதகின் வழியே இரு பக்கமும் போக்குவரத்து ஓயாது. போவதும் வருவதும் சமம் என்பதால் நிகர மின்னோட்டம் சுழியம். ஆனால் ஏற்ற இறக்கங்கள் கழிவதில்லை, கூடுகின்றன. அந்த இரு ஓட்டங்களின் தாவல் இரைச்சலைக் கூட்டிப் பார். மின்முனை வினையின் தடைக்கு நைக்விஸ்ட் சொன்ன அதே வெப்ப இரைச்சல் வரும். ஒன்றையே இரு முறை எண்ணப் பார்த்தாய். சுமை ஏற்றினால் சமநிலை குலையும், மெய்தான். 20 மில்லிஆம்பியருக்கு முழுத் தாவல் இரைச்சலையும் ஒப்புக்கொண்டாலும், 2 ஓமில் அது ஏறத்தாழ 0.05 மைக்ரோவோல்ட்தான்.

ஆக, மதகு அகலமானால் சலசலப்பு குறையும். அகத்தடை மிகக் குறைந்த நிக்கல்-காட்மியம் கலம் அமைதியானது இதனால்தான். அமெரிக்காவின் போல்டர் நகரில் தேசிய அளவை நிறுவனத்தார் 1995-ல் வெளியிட்ட அளவீட்டிலும் அதுவே முந்தியது. கலம் தீரத்தீர அகத்தடை ஏறும், இரைச்சலும் ஏறும். தாழ்ந்த அதிர்வெண்ணிலோ கதை வேறு: அங்கே ஏரியின் நீர்மட்டமே நகர்கிறது. 1911-ல் பன்னாட்டு மின்னழுத்த நியமமாக ஏற்கப்பட்ட வெஸ்டன் கலம்கூட, அறை வெப்பம் ஒரு டிகிரி மாறினால் ஏறத்தாழ 40 மைக்ரோவோல்ட் நகரும். ஆகவே பேட்டரியைத் தடித்த பெட்டியில் மூடி வை. வெப்பம் நிலைத்த பிறகு அள. அளக்கும்போது சார்ஜரைக் கழற்றிவிடு.