கயிற்றின் மறுமுனை

தவறான துணையினால் விளையும் கேடு பெரும்பாலும் மெல்லவே வெளிப்படும். கூட்டு வாணிகத்தில் அது தெரியச் சில ஆண்டுகள் ஆகும். பாறை ஏறுபவனுக்கோ ஒரு நொடி போதும். எத்தகையவனைத் துணையாகக் கொள்வது என்னும் பழைய வினா பாறைமுகத்தில் கூர்மை பெறுவது இதனாலேயே. கோப்புகளிடையே வாழும் எழுத்தனுக்கு இதில் என்ன அக்கறை என்று அன்பர்கள் வினவலாம். தலைநகரில் வளரும் நம் பிள்ளைகளுள் சிலர் விடுமுறை நாட்களில் பரீதாபாத்தை அடுத்த தௌஜ் பாறைகளுக்குக் கயிறும் கையுமாகப் புறப்பட்டுவிடுகின்றனர். அவர்களைப் பெற்றவர்களுள் யானும் ஒருவன். பிள்ளை எவ்வளவு உயரம் ஏறினான் என்பதைக் காட்டிலும், கீழே நின்று கயிற்றைப் பிடிப்பவன் யார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகின்றது.

முன்னே ஏறுபவன் இடுப்புப் பட்டையில் கயிறு பிணைக்கப்பட்டிருக்கும். அவன் பாறையிடுக்குகளில் ஆங்காங்கே பிடிமானம் பொருத்தி, அதில் தொங்கும் வளையத்தில் கயிற்றை மாட்டிக்கொண்டே செல்வான். கடைசி வளையத்திற்கு 3 மீட்டர் மேலே சென்று கை நழுவினால், அதற்குக் கீழும் 3 மீட்டராக, 6 மீட்டராவது விழுவான். கயிற்றின் தளர்வும் நீட்சியும் அதனோடு சேரும். கீழிருப்பவன் கயிற்றை மிகுதியாக விட்டால் வீழ்ச்சி நீளும். மிக இறுக்கினால் மேலே கை நீட்டுபவன் பின்னுக்கு இழுபடுவான். ஆகவே அவன் கண் எப்பொழுதும் மேலிருப்பவன் மீதே இருத்தல் வேண்டும். பராக்குப் பார்ப்பவனுக்கு அங்கே வேலையில்லை.

பொருத்தம் என்றவுடன் சமமான வலிமையும் சமமான திறமையுமே நினைவுக்கு வரும். பருத்தவன் விழும்போது மெலிந்தவன் தரையிலிருந்து தூக்கப்படுவான் என்பது உண்மைதான். மெலிந்தவனைப் பாறையோடு பிணைத்து வைத்தால் அக்குறை தீர்ந்தது. கற்றவனும் கல்லாதவனும் சேர்ந்து ஏறலாம். அப்படித்தானே எவரும் கற்கின்றனர்! தீர்வில்லாத குறை வேறொன்று உண்டு. “அச்சமாக இருக்கின்றது, இறங்கிவிடுவோம்” என்று ஒருவன் சொல்லும்போது மற்றவன் நகைத்தானாயின், அடுத்த முறை அவன் வாய் திறக்கமாட்டான். அச்சத்தை மறைத்துக்கொண்டு ஏறுவான். அந்த மறைப்பு எத்தனை தேர்ந்த கயிற்றாலும் தாங்க முடியாத சுமை.

1953-ஆம் ஆண்டு எவரெஸ்ட் முயற்சியில், உச்சியை அடைவதற்குப் பல நாட்களுக்கு முன்பு, ஹில்லாரி பனிப்பிளவொன்றில் விழுந்தார். மறுமுனையிலிருந்த டென்சிங் பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றை நிறுத்தி அவரைக் காத்தார். ஒருவர் நியூசிலாந்தில் தேனீ வளர்ப்பவர், மற்றவர் ஷெர்பா. நாடும் மொழியும் வேறு. ஆயினும் அன்றுமுதல் டென்சிங்கே தமக்கேற்ற துணை என ஹில்லாரி கருதினார். மே 29-ஆம் நாள் இருவரும் உச்சியில் நின்றனர். முதலில் அடி வைத்தவர் யார் என்று உலகம் துருவித் துருவிக் கேட்டது. சேர்ந்தே ஏறினோம் என்பதே அவர்கள் அப்போது தந்த மறுமொழி.

இங்கே ஓர் ஐயம் எழுகின்றது. திருக்குறளில் ‘தெரிந்துதெளிதல்’ என்றோர் அதிகாரம் உண்டு. ஆராயாமல் ஒருவனை நம்புவதையும், நம்பித் தெளிந்தபின் ஐயுறுவதையும் வள்ளுவர் ஒருசேரக் கண்டிக்கின்றார். மலையேறுவோர் வழக்கம் இதற்கு மாறாகத் தோன்றும். பல்லாண்டு உடன் ஏறியவனாயினும், ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் இவன் அவனுடைய முடிச்சைத் தொட்டுப் பார்க்கின்றான். அவன் இவனுடைய பட்டையையும் கொக்கியையும் இழுத்துப் பார்க்கின்றான். இஃது ஐயுறவு அன்றோ?

என் அலுவலகப் பழக்கம் இதற்கு விடை தருகின்றது. ஒருவர் போட்ட கூட்டலை இன்னொருவர் சரிபார்த்துச் சுருக்கொப்பம் இடுகின்றார். அதனால் முன்னவரின் நேர்மைக்கு இழுக்கு நேர்ந்ததாக எவரும் கொள்வதில்லை. நல்லவனுக்கும் கை தவறும். களைத்த மாலையில் எட்டு மூன்றாகத் தெரியும். முடிச்சைப் பார்ப்பவன் நண்பனின் மறதியைப் பார்க்கின்றான். குணத்தை முன்பே பார்த்து முடித்துவிட்டான். “என்மீது நம்பிக்கை இல்லையா?” என்று முகம் சுளிப்பவனிடம் என் மகனின் கயிற்றை ஒப்படைக்க மாட்டேன்.

இதனினும் கடிய வினாவை 1985-ஆம் ஆண்டு பெரு நாட்டின் சியூலா கிராண்டே மலை எழுப்பியது. உச்சியிலிருந்து இறங்குகையில் ஜோ சிம்ப்சனின் கால் முறிந்தது. அவ்வுயரத்தில் கால் முறிவது ஏறக்குறைய மரணத் தீர்ப்பு. உடன் வந்த சைமன் யேட்ஸ் அவரை விட்டுச் செல்லவில்லை. இரு கயிறுகளை இணைத்து, பனிப்புயலில் சிறிது சிறிதாக இறக்கிக்கொண்டே வந்தார். இருளில் சிம்ப்சன் பாறை விளிம்பைக் கடந்து அந்தரத்தில் தொங்கினார். ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கவில்லை. யேட்ஸ் அமர்ந்திருந்த பனிக்குழியோ சரியத் தொடங்கியது. நெடுநேரம் தாங்கிப் பார்த்தபின் கயிற்றை அறுத்தார்.

பனிப்பிளவில் விழுந்த சிம்ப்சன் எவ்வாறோ பிழைத்து, மூன்று நாட்களுக்கு மேல் தவழ்ந்தும் நொண்டியும் கூடாரம் வந்து சேர்ந்தார். அறுத்தவரைப் பழித்தோர் பலர். இருவரும் மடிவதுதான் நட்பின் இலக்கணமா என்று அவர்களை யான் கேட்பேன். அறுத்த ஒரு கணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முன் புயலில் உறைந்த கைகளால் இறக்கிய மணிநேரங்களை மறப்பது நேர்மையான கணக்கு ஆகாது. யேட்சுக்காக ஓயாது வாதாடியவர் சிம்ப்சனே. 1988-இல் அவர் வெளியிட்ட நூலிலும் நண்பர் மீது பழியில்லை. அந்த இடத்தில் தாம் இருந்திருந்தால் தாமும் அறுத்திருப்பதாகவே அவர் சொல்லிவந்தார்.