முடிவுக்கு ஒரு தேதி

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குச் சனிக்கிழமை பிற்பகலில் வரும் இளைஞர்களில் பலர் எதையும் வாங்குவதில்லை. மயிலாப்பூரிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் அடையாறிலிருந்தும் வருகிறார்கள். கிராபிக்ஸ் கார்டு என்ன விலை, ரேம் இறங்கியதா, அடுத்த மாடல் எப்போது வரும் என்று கடைகடையாகக் கேட்கிறார்கள். கொட்டேஷன் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அடுத்த மாதம் மறுபடி வருகிறார்கள். வீட்டில் இருக்கும் கணினியை இப்போதே மேம்படுத்துவதா, இன்னும் கொஞ்சம் பொறுப்பதா என்ற கேள்வி அவர்களோடு வீட்டுக்கும் போகிறது. சாப்பிடும்போதும் படுக்கும்போதும் கூடவே இருக்கிறது.

விளையாட்டுக் கணினி பற்றிய கேள்விதானே என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நல்லதாக ஒன்றை அசெம்பிள் செய்ய எழுபதாயிரம், எண்பதாயிரமாவது ஆகும். முதல் வேலையில் இருக்கும் ஒருவருக்கு அது சில மாதச் சம்பளம். பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகத்திலிருந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் பிள்ளை, ஒன்றாகப் படித்து இன்று டொரண்டோவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நண்பர்களோடு பேசிச் சிரிப்பது பெரும்பாலும் ஒரு விளையாட்டுக்குள்தான். அந்த மகிழ்ச்சிக்கு மதிப்புண்டு. மதிப்புள்ள ஒன்றுக்காகப் பணம் செலவிடும்போது எப்படி முடிவெடுக்கிறோம் என்பது நம் வாழ்க்கை முறையைச் சேர்ந்த கேள்வி. இருபத்து மூன்று வயதில் கணினிக்கு முடிவெடுக்கும் விதமே முப்பத்து மூன்றில் வீட்டுக்கும் நிலத்துக்கும் முடிவெடுக்கும் விதமாகிறது.

பெரும்பாலோர் விடையைச் சந்தையில் தேடுகிறார்கள். விலை இறங்குமா, ஏறுமா என்று தெரிந்துவிட்டால் கேள்வி தீர்ந்துவிடும் என்று நம்புகிறார்கள். கடந்த சில ஆண்டுகள் அந்த நம்பிக்கையை இரண்டு முறை சோதித்துப் பார்த்தன.

முதல் சோதனை 2020 செப்டம்பரில் தொடங்கியது. என்விடியா நிறுவனம் ஆர்.டி.எக்ஸ் 3080 கார்டை 699 டாலர் விலையில் அறிவித்தது. அறிவித்த விலையில் அது கிடைத்தவர்கள் மிகச் சிலர். கொரோனா காலத்தில் வீட்டுக்குள் அடைபட்ட உலகம் முழுவதும் கணினி வாங்கியது. சிப் உற்பத்தி தடுமாறியது. எத்தீரியம் என்ற மின்னணு நாணயத்தை உருவாக்க இதே கார்டுகளை நூற்றுக்கணக்கில் அடுக்கி ஓட்டினார்கள். விலை இரண்டு மடங்கையும் தாண்டியது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் இயங்குமுறையை மாற்றிக்கொண்டது. கார்டு வைத்து அந்த நாணயத்தை உருவாக்கும் வேலை அன்றோடு நின்றது. பயன்படுத்திய கார்டுகள் உலகச் சந்தையில் வந்து குவிந்தன. பொறுத்திருந்தவர்கள் வென்றார்கள்.

இரண்டாவது சோதனை 2025-ன் பிற்பகுதியில் வந்தது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு அதிவேக நினைவகச் சிப்புகள் பெருமளவில் தேவைப்பட்டன. சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் அந்தப் பக்கம் திரும்பின. சாதாரணக் கணினிக்கான ரேம் சில மாதங்களில் இரண்டு மடங்குக்கு மேல் விலையேறியது. 1996-ல் தொடங்கிய தன் குரூஷியல் வணிகத்தை, அதாவது நம்மைப் போன்றவர்களுக்கு நேரடியாக ரேம் விற்கும் வணிகத்தை, மூடப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பர் 3 அன்று அறிவித்தது. ‘தீபாவளி தள்ளுபடி முடியட்டும், புத்தாண்டில் பார்க்கலாம்’ என்று பொறுத்தவர்கள் இம்முறை தோற்றார்கள்.

ஒரே பொறுமைக்கு ஒரு முறை பரிசு, ஒரு முறை தண்டனை. இரண்டுக்கும் காரணம் எங்கோ தொலைவில் நடந்த விஷயங்கள். ரிச்சி தெருக் கடைக்காரருக்கே முன்கூட்டித் தெரியாத ஒன்றை நாம் கணித்துவிடலாம் என்று நினைப்பது வீண். நம் கையில் இல்லாத ஒன்றின்மேல் முடிவைக் கட்டினால் அந்த முடிவும் நம் கையில் இருக்காது.

அப்படியானால் எதன்மேல் கட்டுவது? திருக்குறளின் பொருட்பாலில் 47-வது அதிகாரம் தெரிந்து செயல்வகை, 48 வலியறிதல், 49 காலமறிதல். எந்தச் செயலையும் தொடங்குவதற்கு முன் செயலைப் பற்றி ஆராய்வதும், தன் வலிமையை அளப்பதும், காலம் பார்ப்பதும் இந்த வரிசையில் நிற்கின்றன. ‘இப்போதா, பிறகா’ என்பது காலத்தைப் பற்றிய கேள்வி. அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நம்மில் பலர் அந்த இரண்டையும் தாண்டி நேராக மூன்றாவதற்குப் போய்விடுகிறோம். அதனால்தான் அது விடையில்லாமல் தொங்குகிறது.

முதலில், எனக்கு உண்மையில் குறைவது எது?

சென்னையில் ஒரு கணினி தடுமாறினால் அதன் வயதைச் சந்தேகிப்பதற்கு முன் அதன் உடல்நிலையைப் பார்க்க வேண்டும். மே மாதத்து அக்னி நட்சத்திரத்தில், ஏசி இல்லாத அறையில், கேபினட்டுக்குள் தூசி அடைத்திருந்தால் எந்தச் சிப்பும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெசன்ட் நகர், சாந்தோம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. தூசி தட்டி, மின்விசிறியைச் சரிபார்த்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் சில நூறு ரூபாயில் பழைய வேகம் திரும்பக்கூடும். மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பவர்கள் உண்டு. ரேமின் முழு வேகத்தை பயாஸில் இயக்காமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. இவற்றைச் சரிசெய்யக் காசே வேண்டாம். இன்னமும் ஹார்டு டிஸ்க்கில் விளையாட்டை வைத்திருப்பவருக்கு ஒரு எஸ்.எஸ்.டி. போதும்.

இவற்றுக்குப் பிறகும் குறை இருந்தால் அது எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. விளையாட்டின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். பிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் கிராபிக்ஸ் கார்டு திணறுகிறது. ஏறவில்லை என்றால் பெரும்பாலும் பிராசசர். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால், நொடிக்கு 150 பிரேம் தரும் கார்டை வாங்கினாலும் திரையில் தெரியப்போவது 60 பிரேம்தான். முழுக் கணினியையும் மாற்றத் தேவையில்லாமலும் போகலாம். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் இதற்கு நல்ல சான்று. 2017-ல் வந்த பல மதர்போர்டுகள் பயாஸைப் புதுப்பித்த பிறகு 2022-ல் வெளிவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசரை ஏற்றுக்கொண்டன. ஐந்து ஆண்டுப் பழைய பலகையே புது வேகத்தோடு ஓடியது.

தட்டிக்கழிக்கக் கூடாத தேவைகளும் உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றன. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். வங்கிக் கணக்கும் அலுவலக வேலையும் அதே கணினியில் நடக்கும் வீட்டில் அதைக் கவனிக்காமல் விடுவது பொறுமையில் சேராது.

இன்னும் ஒரு கேள்வியை ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கடந்த மூன்று மாதத்தில் நான் விளையாட நினைத்தும் விளையாடாமல் விட்டவற்றில், கணினியால் முடியாமல் விட்டவை எத்தனை, நேரமில்லாமல் விட்டவை எத்தனை? இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் ரிச்சி தெருவில் அதற்கு மருந்தில்லை. வேலை நேரம், தூக்கம், ஞாயிற்றுக்கிழமை ஆகியவற்றைத்தான் மேம்படுத்த வேண்டும். புதுக் கார்டு நேரத்தைக் கொண்டுவராது.

அடுத்தது வலிமை. பணம் இருக்கிறதா என்பதைவிட, யாருடைய பணம், எந்த மாதத்துப் பணம் என்று கேட்பதே சரி. தவணைக்கு வாங்குவது எதிர்கால மாதங்களின் சம்பளத்தை இன்றே செலவழிப்பது. வட்டியில்லாத் தவணை என்று சொல்லப்படுவதிலும் செயல்முறைக் கட்டணம் வரலாம். ரொக்கத் தள்ளுபடி கைநழுவலாம். ஒரு தவணை தவறி நிலுவை கிரெடிட் கார்டுக் கணக்கில் விழுந்துவிட்டால் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி. ஆண்டுக்கு 36 சதவீதத்தைத் தாண்டும். தவணை முடிவதற்குள் அடுத்த தலைமுறைக் கார்டும் வந்துவிட்டால், மனம் புதியதிலும் கடன் பழையதிலும் இருக்கும். கடனை அடைக்கும் வேலையில் விளையாட்டின் மகிழ்ச்சி கரைந்துபோகும்.

நம் வீட்டுப் பெண்கள் இதற்கு மாற்று வழியை நெடுங்காலமாக அறிவார்கள். தியாகராய நகர் நகைக்கடைகளில் மாதாமாதம் நகைச் சீட்டுக் கட்டுகிறவர் தங்கம் ஏறுமா இறங்குமா என்று தினமும் தவிப்பதில்லை. தன்னால் முடிந்த தொகையைப் பதினொரு மாதம் கட்டுகிறார். சீட்டு முடிந்த அன்று போய் எடுத்துக்கொள்கிறார். அவர் பொறுமைக்கு ஒரு தொகையும் இருக்கிறது, ஒரு முடிவு நாளும் இருக்கிறது. கணினிக்காகக் காத்திருப்பவரும் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் மாதம் ஐந்தாயிரமோ ஏழாயிரமோ போட்டுவந்தால், காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அவரை வாங்கும் நாளுக்கு அருகில் கொண்டுபோகும். எதுவும் சேர்க்காமல் விலைப்பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் எத்தனை மாதம் கழிந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்பார்.

மின்சாரக் கணக்கையும் பார்க்க வேண்டும். விளையாடும்போது 500 வாட் இழுக்கும் கணினி நாளைக்கு நான்கு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். 2016-ல் வீடுகளுக்கு அறிவிக்கப்பட்ட 100 யூனிட் இலவச மின்சாரம் முழுவதையும் அந்த ஒரு பெட்டியே தின்றுவிடும். அந்த பில்லை அப்பா கட்டுகிறார் என்றால் அவரும் இந்த முடிவில் பங்குள்ளவர். அவரிடம் முன்னதாகச் சொல்லிவிடுவது மரியாதை.

பழையது எங்கே போகும் என்பதும் வாங்குபவரின் பொறுப்பு. 2022-ல் உலகம் 6,200 கோடி கிலோ மின்னணுக் கழிவை உருவாக்கியது என்றும், அதில் 22.3 சதவீதம் மட்டுமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்றும் ஐ.நா. அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நடப்பதல்ல இது. அடையாறிலிருந்து தெற்கே சிறிது தூரம் போனால் பெருங்குடிக் குப்பை வளாகம். அதை ஒட்டியே, 2022-ல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணை சதுப்புநிலம். முறையாகப் பிரிக்கப்படாத மின்னணுக் கழிவை யாரோ ஒருவர் எரித்துச் செம்பு எடுக்கிறார். அந்தப் புகை அவர் நுரையீரலுக்குள் போகிறது. ஓடும் நிலையில் உள்ள பழைய கார்டைச் செகண்ட் ஹேண்டில் விற்கலாம். முழுக் கணினியைக் கல்லூரியில் சேரும் உறவுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். செத்துப்போன பாகங்களை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கலாம். இந்த ஏற்பாட்டைச் செய்த பிறகே புதியதற்குப் பணம் கொடுப்பது முறை.

இத்தனையும் பார்த்தபின் காலத்துக்கு வரலாம். குறை எது என்று தெரியும், எவ்வளவு முடியும் என்று தெரியும். இப்போது ஒரு தேதி குறிக்க வேண்டும். தொகை எப்போது சேர்ந்துமுடியுமோ அந்த மாதம்தான் தேதி. அதுவரை விலை கேட்டு அலைவதை நிறுத்திவிட்டு, கையில் இருக்கும் கணினி ஓட்டக்கூடிய விளையாட்டுகளை நிறைவாக விளையாடலாம். பத்து ஆண்டுகளில் வந்த எத்தனையோ அருமையான விளையாட்டுகள் பழைய கார்டிலும் ஓடும்.

வாங்குவதும் நல்லது, பொறுப்பதும் நல்லது. இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை இருக்கிறது; அதுதான் கெட்டது. அங்கே இருப்பவர் வாங்குவதும் இல்லை, இருப்பதைக் கொண்டு மகிழ்வதும் இல்லை. தன் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை வெறுக்கிறார். தன்னிடம் இல்லாத ஒன்றின் சோதனைக் காணொளிகளை நள்ளிரவு வரை பார்க்கிறார். பணம் செலவாகவில்லை என்று நினைக்கிறார். இளமையின் எத்தனையோ மாலைகள் செலவாகிவிட்டன.

குறித்த தேதி வரும். அன்றும் அந்தக் குறை இருந்தால், தொகையும் சேர்ந்திருந்தால், காலையிலேயே போய் பில்லோடும் வாரன்டியோடும் வாங்கி வாருங்கள். குறை இல்லை என்று தெரிந்தால் அந்தப் பணம் உங்கள் பணம். அடுத்த தேவைக்கு இருக்கட்டும். வாங்கிய பிறகு அந்த மாடலின் விலையை மறுபடி பார்க்காதீர்கள். அடுத்த வாரம் இரண்டாயிரம் குறைந்திருக்கலாம், கூடியும் இருக்கலாம். உங்கள் தேவையையும் சக்தியையும் அளந்து நேர்மையாக எடுத்த முடிவை அந்த இரண்டாயிரம் தவறாக்கிவிட முடியாது.